குஞ்சு பொரித்த அக்கா

நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒருவனை அடித்துக்கொண்டிருந்தாள்.

கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஒரு சின்னக் கடை. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவதுதான் முக்கிய வேலை. ஃபேன், மிக்சி, கிரைண்டரும் வரும். அன்றைக்கு மத்தியானம் டவுன் பஸ் வந்து நின்றதும் வெளியே கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கரும்பு லாரி கிளீனர் ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிச் சட்டையெல்லாம் சிவப்பு. நாற்பது வயது தாண்டிய ஒரு பெண் அவன் காலரை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் அறைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில், மீன்காரர்கள் ஐஸ் போட்டு வைக்கிற மாதிரியான தெர்மாகோல் பெட்டி ஒன்று. இறங்குகிற அவசரத்தில் அதை அவன் காலால் எத்தித் தள்ளியிருக்கிறான். "நாத்தம் புடிச்ச பொட்டிய தூக்கிகினு பஸ்ல ஏறிட்றாளுங்க" என்றும் சொல்லியிருக்கிறான்.

யாரும் விலக்கவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார்.

அடித்து முடித்ததும் அவள் காலரை விட்டுவிட்டு, "போ, மூஞ்சியக் கழுவு" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்:

"தம்பி, இதுல சூடு நிக்க மாட்டேங்குது. இன்னான்னு பாரு."

பெட்டிக்குள் நாலு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஒரு குட்டி ஃபேன், சூட்டைப் பார்த்து பல்பை எரியவிட்டு அணைக்கிற ஒரு சின்ன போர்டு. முட்டை பொரிக்கிற இன்குபேட்டர். யாரோ செய்து கொடுத்தது. ஒயர் இணைப்புகளை டேப் கூடச் சுற்றாமல் வெறுமனே முறுக்கிவிட்டிருந்தார்கள். சரிசெய்து கொடுத்தேன். "எதுக்குக்கா இந்தத் தொல்லை, அடைக்கோழி ஒண்ணு வச்சா அது பாத்துக்கப் போவுது" என்றேன்.

"கோழிக்குப் புத்தி மாறும் தம்பி. பாதியில எந்திரிச்சுப் போய்க்கினே இருக்கும். பொட்டி எந்திரிச்சுப் போவாது."

அன்றிலிருந்து அவள் பெட்டிக்கு நான்தான் வைத்தியம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவளைக் கோழிக்கார அக்கா என்றுதான் சொல்வோம்.

அணைக்குப் போகிற வழியில், ஊர் முடிகிற இடத்தில் அவள் வீடு. நிலம் கிடையாது. கரும்பு வெட்டு, களையெடுப்பு என்று போய்க்கொண்டிருந்தவள், எப்படியோ இந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டு வீட்டின் உள்ளறையில், காற்றுப் படாத மூலையில் பெட்டி இருக்கும். பக்கத்தில் அவள் மகள் இருப்பாள். ஒல்லியான பெண், அதிகம் பேசாது. முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலையில் பெருக்கல் மேலே இருந்தால் சாயங்காலம் வட்டம் மேலே வரவேண்டும். கோழி அலகால் உருட்டுகிற வேலையை அந்தப் பெண் விரலால் செய்தது. கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதும் அதன் பொறுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வந்து முட்டையைத் திருப்ப மறந்துவிட்டதாம். அக்கா கரண்டிக் காம்பால் போட்ட போட்டில் முழங்கை வீங்கிவிட்டது. அதை அக்காவே கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். "அடிச்சாத்தான் நெனப்புல நிக்கும்."

அவளிடம் நானும் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை பல்பு விட்டுவிட்டு எரிகிறது என்று கூப்பிட்டு அனுப்பினாள். போனபோது முட்டைகள் ஓடு விரிசல் விட்டுக் குஞ்சு வெளிவருகிற நேரம். மூடியைத் திறந்தேன். ஒரு முட்டையில் சின்ன ஓட்டை விழுந்து, அதிலிருந்து அலகு மட்டும் தெரிந்தது. உள்ளே இருந்து முட்டி முட்டிப் பார்க்கிறது, முடியவில்லை. பாவமாக இருந்தது. நகத்தால் ஓட்டைக் கொஞ்சம் கிள்ளிவிடலாம் என்று விரலை நீட்டினேன். பின்மண்டையில் அறை விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது.

"ஈரம் காஞ்சுபோச்சுன்னா உள்ளயே ஒட்டிகினு செத்துப்புடும். மூடு."

மூடினேன். பல்பு வேலை முடிந்ததும் சொம்பில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் கோபம் வரவில்லை. அவள் அடி அப்படித்தான். மழை பெய்வதுபோல வரும், நின்றுவிடும், அதற்கப்புறம் அவள் மனசில் ஒன்றும் இருக்காது. அடி வாங்கினவன் மனசில் இருக்குமா என்று அப்போது நான் யோசித்ததில்லை.

அவள் புருஷன் கதையை ஊரே சொல்லும். கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரி அவன். குடித்துவிட்டு வந்து ஒருநாள் அவளுடைய முன்பல் இரண்டை உடைத்துவிட்டான். அவள் வாயைக் கொப்புளித்துவிட்டு, சோறு போட்டு, குழம்பு ஊற்றியிருக்கிறாள். அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆட்டுக்கல் குழவியைத் தூக்கிவந்து அவன் கால்மேல் போட்டாள். பாதம் நசுங்கிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் இந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. கள்ளக்குறிச்சியில் வேறொருத்தியோடு இருந்துகொண்டான். இதை யாராவது பேச்செடுத்தால் அவள் பல் இல்லாத இடத்தைக் காட்டிச் சிரிப்பாள்.

"யாரு அடிச்சாலும் ஒண்ணு திருப்பிக் குடுத்துடணும் தம்பி. இல்லாங்காட்டி அது ஒடம்புலயே தங்கிப்புடும்."

முட்டைக்கு அவள் மலைக்குத்தான் போவாள். கடையில் விற்கிற முட்டையில் உயிர் கிடையாது, சேவல் சேர்ந்த முட்டைதான் பொரியும். கரியாலூருக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்ன ஊர்களில் வீட்டுக்கு வீடு கோழி மேயும். ஒருமுறை என் வண்டியில் கூட்டிப்போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "சேவல் ஒங்களுதா, பக்கத்து வூட்டுதா?" என்று விசாரித்து, முட்டையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, உமி நிரப்பிய பக்கெட்டில் ஒவ்வொன்றாகப் பதித்து வைத்தாள். கீழே இறங்கும்போது பக்கெட் அவள் மடியில். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் என் முதுகில் ஒரு குத்து. வீடு வந்து சேர்ந்தபோது முதுகு கன்றிப்போயிருந்தது. முட்டை ஒன்றுகூட உடையவில்லை.

பண்ணைக்காரர் ஒருவரின் நாய் அவள் வளர்த்த குஞ்சுகளில் பாதியைக் கடித்துப் போட்டுவிட்டது. பண்ணைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். "நாய்னா கடிக்கத்தான் செய்யும், நீ மூடி வை" என்றார் அவர். மறுநாள் நாய் திரும்ப வந்தது. கடப்பாறையால் ஒரே போடு. செத்த நாயைக் காலைப் பிடித்துத் தெருவழியாக இழுத்துக்கொண்டு போய் அவர் கேட்டுக்கு முன்னால் போட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் அவர் நாலு ஆட்களோடு வந்தார். அக்கா வாசற்படியில் குந்தி, கரும்பு வெட்டுகிற கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கடப்பாறைன்னா போடத்தான் செய்யும். நாய நீ கட்டி வச்சிருக்கணும்."

தெருச்சனம் மொத்தமும் வெளியே வந்து நின்றது. அத்தனை பேரும் அந்தப் பண்ணையில் கூலிக்குப் போகிறவர்கள். யாரும் உள்ளே போகவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் அவள் பெரிய மனுஷியாகத் தெரிந்தாள். நான் இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் கைதட்டிச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொன்னதில்லை. ஒருநாள் பொரித்த குஞ்சுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு குஞ்சுகளுக்குக் கால் விரிந்துபோய் நிற்க முடியவில்லை. பேசிக்கொண்டே ஒன்றை எடுத்தாள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒருமுறை திரும்பின, முறத்தில் போட்டாள். அடுத்ததையும் அப்படியே. பேச்சு நிற்கவில்லை. முட்டையிலிருந்து வந்து ஒரு பகல்கூட ஆகாத உயிர். "காலைச் சேத்துக் கட்டிவுட்டா சிலது தேறும்னு சொல்றாங்களே" என்றேன்.

"தேறும் தம்பி. தேறி, நொண்டிகினு, மத்ததுங்க கிட்ட கொத்து வாங்கிகினு கெடக்கும். அத்தப் பாத்துகினு நான் குந்திகினு இருக்கணுமா?"

மகள் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சில வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்குச் சின்னசேலத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தாள். மக்காச்சோளக் குடோனில் வேலை செய்கிறவன். கல்யாணத்தில் பார்த்தேன், மரியாதையான பையனாகத்தான் தெரிந்தான். கல்யாணமான புதிதில் பெண் அடிக்கடி வந்துபோனது. பிறகு குறைந்தது. பிறகு போனில் மட்டும், "நல்லாருக்கேம்மா" என்று ஒரு வார்த்தை. "வேல ஜாஸ்தி போல" என்று அக்கா சொல்வாள்.

ஒரு சித்திரை மாதம், வெயில் உச்சியில் இருக்கும்போது அவள் கடைக்கு வந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் குஞ்சு வாங்கின ஒருத்தி, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டாளாம். அவன் தினமும் அடிக்கிறான், தெருவே வேடிக்கை பார்க்கிறது, போன வாரம் அடுப்புக்கட்டையால் அடித்தான் என்று.

"சின்னசேலம் வரிக்கும் இட்டுகினு போறியா தம்பி? இல்லன்னா சொல்லு, பஸ்ல போறேன்."

பையில் என்ன இருக்கிறது என்று அதன் கனத்திலேயே தெரிந்தது. "பைய இங்க வச்சுட்டு வாக்கா" என்றேன். அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துத் திரும்பினாள். அவள் தனியாகப் போவதைவிட நான் கூட இருப்பது மேல் என்று வண்டியை எடுத்தேன். எத்தனையோ பள்ளம் வந்தது. முதுகில் ஒரு குத்துகூட விழவில்லை.

மாப்பிள்ளை வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்க அத்த" என்று எழுந்தான். அந்த நேரம் மகள் உள்ளேயிருந்து வந்தது. கீழுதடு கிழிந்து காய்ந்திருந்தது. ஒரு கண் பாதிதான் திறந்தது. அம்மாவைப் பார்த்ததும் அழும் என்று நினைத்தேன். அப்படியே சுவரோடு ஒட்டி நின்றது.

அக்கா முதலில் கையால்தான் அடித்தாள். அவன் கட்டிலோடு சாய்ந்தான். காலால் மார்பில் எத்தினாள். நான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தேன். முழங்கை என் வாயில் இடித்து நான் கீழே விழுந்தேன். அதற்குள் அவன் எழுந்து, சுவரோரம் கிடந்த இரும்புப் பைப்பை எடுத்து அவள் தோளில் போட்டான். எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாம் தடவை ஓங்கினான். அவள் ஒரே கையால் மஞ்சப்பையிலிருந்து கத்தியை உருவினாள். கரும்பை அடியோடு சாய்க்கிற கத்தி. அவன் கழுத்துக்குத்தான் வந்தது.

மகள் நடுவில் வந்து கையை நீட்டியது.

கத்தி அதன் முன்கையில் இறங்கியது. ரத்தம் பீச்சி அடித்தது. அக்காவின் முகத்தில், கட்டிலில், சுவரில். அவன் பைப்பைப் போட்டுவிட்டு பின்னால் நகர்ந்தான். அக்கா கத்தியைக் கீழே விட்டாள். என் துண்டைப் பிரித்துக்கொண்டு மகளிடம் ஓடினேன். அக்காவும் என்னோடு குனிந்து மகளின் கையைப் பிடிக்க வந்தாள்.

"தொடாத."

மகளின் குரலை நான் அவ்வளவு தெளிவாகக் கேட்டது அப்போதுதான். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? இத்தினி நாளு ஏன் சொல்லல?" என்று அக்கா கேட்டாள்.

"நீ அடிக்கசொல்லோ நான் யார்கிட்டம்மா போயி சொன்னேன்?"

தெருவில் அவ்வளவு கூட்டம் நின்றது.

"அவன் கையத் தூக்குனாலும் நீ கையத் தூக்குனாலும் எனக்கு ஒண்ணுதான். சின்ன வயசுலேர்ந்து முட்டையத் திருப்பிகினே ஒன் கையத்தான் பாத்துகினு இருந்தேன். இங்க வந்து அவன் கையப் பாத்துகினு இருக்கேன். அவ்ளோதான்."

அக்காவின் வாய் திறந்தது. பல் இல்லாத இடம் தெரிந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மகளுக்குத் தையல் போட்டார்கள். நரம்பு அறுந்துவிட்டது, இரண்டு விரல் மடங்காது என்றார்கள். அக்காவுக்குத் தோளில் கட்டு. போலீஸ்காரம்மா ஒருவர் வந்து, மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எப்படி வெட்டுப்பட்டது என்று கேட்டார். ஊர்ச்சனம் இரண்டு பேர் ஏற்கெனவே அந்தப் பெண்ணின் காதில் ஓதியிருந்தார்கள். புருஷன்தான் வெட்டினான் என்று சொல்லிவிடு, உன் அம்மா தப்பிச்சுக்கும் என்று.

"புருஷன் தெனமும் அடிச்சாரு. எங்கம்மா வெட்டுச்சு. ரெண்டையும் எழுதிக்குங்க."

"அம்மா மேல கேஸ் ஆவும், தெரியுமா?"

"தெரியும். எழுதிக்குங்க."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் நிதானமாக இருந்தாள். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்:

"இன்னிக்குத்தான் திருப்பிக் குடுத்திருக்குது."

போலீஸ்காரம்மா அவளிடம் வந்து கேட்டபோது ஒன்றையும் மறைக்கவில்லை. கத்தி எடுத்துப்போனதையும், எங்கே குறிவைத்தாள் என்பதையும் அவளே சொன்னாள். மாப்பிள்ளையையும் அவளையும் ஒரே நாளில் கொண்டுபோனார்கள்.

பெட்டி நினைவு எனக்கு அதற்கப்புறம்தான் வந்தது. பல்பு எரிந்துகொண்டிருக்கும், உள்ளே முட்டை இருக்கும். வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்துவிட்ட மகள், கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, இடது கையால் முட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்துபோயிருந்தது. நிரப்பினேன்.

"செத்திருக்கும்மா. ரெண்டு நாளா யாரும் திருப்பல" என்றேன்.

"பாப்பம்ணே. இதுங்க இன்னா பண்ணுச்சு."

டார்ச் அடித்துப் பார்த்தது. பாதிக்கு மேல் அசைவு இல்லை. மீதி இருந்தவற்றில் சிவப்பு நரம்பு துடித்தது. பிற்பாடு சிலது பொரித்தும் விட்டன.

அக்கா ஜாமீனில் வந்தபோது வீட்டில் பெட்டி இல்லை. மகள் அதை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் ஒரு அறை பிடித்துப் போய்விட்டது. புருஷனோடு திரும்பச் சேரவில்லை. பகலில் ஒரு துணிக்கடையில் வேலை. வீட்டில் குஞ்சு பொரித்து விற்பது. கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. அம்மாவுக்கு எதிராகச் சொன்னதை அது மாற்றவில்லை. மாற்றச் சொல்லி அக்காவும் கேட்கவில்லை.

ஆனால் முட்டை வேண்டுமே. சரியாகாத ஒரு தோளோடு அக்கா மறுபடி மலை ஏறினாள். பக்கெட்டில் உமியும் முட்டையுமாக பஸ் பிடித்து கள்ளக்குறிச்சி போய், அறை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பி வருவாள். அடுத்த முறை போகும்போது காலி பக்கெட் வெளியே இருக்கும். மாதக்கணக்கில் இப்படி நடந்தது. இதை எனக்குச் சொன்னது மகள். அக்கா ஒன்றும் சொன்னதில்லை.

போன ஆடியில் பெட்டி போர்டு கெட்டுவிட்டது என்று மகள் கூப்பிட்டதால் போயிருந்தேன். கழற்றிப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் பக்கெட் வைக்கிற சத்தம் கேட்டது. மகள் போய்க் கதவைத் திறந்தது. அக்கா அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

"உள்ள வா" என்றது மகள்.

அக்கா வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். என்னைப் பார்த்து, "தம்பியா?" என்றாள், அவ்வளவுதான். சுவரோரம் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். குளிருக்கு வைத்துக்கொள்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அது குளிர் நேரமில்லை.

மகள் டீ போட்டு எடுத்துவந்து நீட்டியது. மடங்காத இரண்டு விரலும் டம்ளரை விட்டு விலகி நின்றன. அக்கா அதைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"கீழ வையிம்மா. எடுத்துக்கறேன்."

மகள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, பக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து முட்டைகளுக்குக் குறி போட ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் அக்கா ஒரு கையை மெதுவாக வெளியே எடுத்து, டம்ளரை எடுத்தாள்.